ஸ்டெயின் அடித்த மரச் சீலிங்: மேலே என்ன பூசுவது, எப்போது, எப்படி?

கேள்வி இது: பழைய வண்ணாரப்பேட்டையில் மேல்மாடி வீடு. 14-க்கு 10 அடி ஹாலில், ஆர்.சி.சி. தளத்துக்குக் கீழே ரீப்பர் அடித்து பைன் பலகை ஏற்றியிருக்கிறார்கள். ஆசாரி வால்நட் கலர் ஸ்டெயினை (மரத்துக்குள் ஊறி நிறம் தரும் சாயத்தை) அடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன் மேல் வார்னிஷா, மெலமைனா, பி.யு.வா (பாலியூரிதேன்)? எத்தனை கோட்? தீபாவளிக்குள் முடியுமா? அண்ணாந்து அடிக்கும்போது சொட்டாமல் இருக்க என்ன வழி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கலக்கும் ஒற்றை டப்பா பி.யு., பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் ஒரு கோட், அதன்மேல் கடைசிப் பூச்சான டாப் கோட் இரண்டு, எல்லாமே மெல்லிசாக. ஆசாரி அடித்தது எந்த வகை ஸ்டெயின் என்பதைப் பொறுத்து, இவற்றுக்கு அடியில் ஒரு அரக்குக் கோட் தேவைப்படலாம். தீபாவளிக் கெடுவை மறந்துவிடுங்கள். வடசென்னையில் பிசுபிசுத்து நிற்கும் சீலிங்குகளில் பாதி, அந்தக் கெடுவுக்காக ஐப்பசி மழையில் அடிக்கப்பட்டவை.

சீலிங்கில் யாரும் நடக்கப் போவதில்லை, சூடான டம்ளர் வைக்கப் போவதில்லை. அதன்மேல் எதுவும் படுவதே ஒட்டடைக் கம்பு போகும்போதுதான். அதனால் தரைக்கும் டைனிங் டேபிளுக்கும் வேண்டிய கனமான, கல் மாதிரி இறுகும் பூச்சு இங்கே தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட. காற்றில் ஈரம் ஏறி இறங்க பலகை விரிந்து சுருங்குகிறது. 100 மி.மீ. அகலப் பலகை, மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் ஏறக்குறைய 1 மி.மீ. அசையும். பலகைகள் சேரும் வி-வடிவக் காடியில் கனமான பூச்சு தேங்கி இரண்டு பலகையையும் ஒட்டிவைத்திருந்தால், சுருங்கும்போது அந்தப் பூச்சு விரிந்து கிழியும். காடியோரம் முழுக்கப் பல் பல்லாகக் கிழிசல் தெரியும். எத்தனை தடவை டச்சப் செய்தாலும் அது திரும்ப வரும்.

அதே அசைவால் வரும் இன்னொரு தொல்லை, வெயில் காலத்தில் காடிக்குள் தெரியும் வெள்ளைக் கோடு. பலகை சுருங்கும்போது அதுவரை பக்கத்துப் பலகைக்குள் ஒளிந்திருந்த நாக்கு (பலகை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதி), ஸ்டெயின் படாத பச்சை மரமாக வெளியே எட்டிப் பார்க்கும். பலகை ஏற்றும் முன்பே நாக்குக்கு ஸ்டெயின் அடித்திருக்க வேண்டும். உங்கள் ஆசாரி அடித்தாரா என்பதை ஒரு காடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடிக்கவில்லை என்றால் இப்போதே, சீலருக்கு முன்னால், அதே ஸ்டெயினை அரை அங்குல பிரஷ்ஷால் காடிக்குள் இழுத்து, வழிவதை உடனே துடைத்துவிடுங்கள். சீலர் ஏறிய பிறகு ஸ்டெயின் உள்ளே இறங்காது.

பூச்சுக்குப் போகும் முன் மேலே ஒரு பார்வை. இது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை. தளத்தில் ஓதம் இருந்தால், கீழ்ப்பக்கம் மட்டும் மூடப்பட்ட பலகை மேல்பக்கமாக ஈரத்தைக் குடித்து நடுவில் வளையும், பூச்சுக்கு அடியில் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை கிளம்பும். மாடியில் தண்ணீர் போகும் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கீழே பலகையில் எங்காவது நிறம் கருத்தால், பி.யு. டப்பா வாங்கும் காசை முதலில் தளத்துக்குச் செலவிடுங்கள். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. நம் ஊர்க் காற்றில் பைன் இயல்பாகவே 12 முதல் 15 சதவீதம் ஈரத்தில்தான் நிற்கும், அது பரவாயில்லை. 18-க்கு மேல் காட்டினால் பூசாதீர்கள். பலகைக்கும் தளத்துக்கும் நடுவில் காற்று போக, எதிரெதிர் சுவர் ஓரங்களில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரோடு முட்ட அடித்து பீடிங்கும் (ஓரத்தை மறைக்கும் மெல்லிய மரச்சட்டம்) வைத்து மூடியிருந்தால், பீடிங்கில் இரண்டு பக்கமும் சில துளைகளாவது போடச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்டெயின். இந்த வேலை நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் இதில்தான். டப்பாவில் வந்த ஸ்டெயினா, பாலிஷ்காரர் ஸ்டெயினரைத் தின்னரில் கலக்கியதா, ஸ்பிரிட்டில் கரைத்த கலரா என்று ஆசாரியிடம் கேட்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் மரத்தையே கேட்க வேண்டியதுதான். ஃபேன் கப் மறைக்கும் இடம் சோதனைக்குச் சரியானது, என்ன ஆனாலும் வெளியே தெரியாது. மெயினை அணைத்துவிட்டு, கப்பை இறக்கி, நான்கு பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பஞ்சில் தண்ணீர், இரண்டாவதில் டர்பன்டைன், மூன்றாவதில் ஸ்பிரிட், நான்காவதில் என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பூச்சைக் கரைப்பது). இதே வரிசையில், ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் பத்து விநாடி அழுத்திவைத்து நான்கைந்து தடவை தேய்த்துப் பாருங்கள். தின்னர் கிட்டத்தட்ட எதையும் கரைக்கும் என்பதால் அது கடைசி. மற்ற மூன்றும் சும்மா இருந்தால்தான் அதன் பதிலுக்கு அர்த்தம்.

தண்ணீர்ப் பஞ்சில் பழுப்பு ஏறினால், தண்ணீர் பி.யு.வை நேரடியாகப் பிரஷ்ஷால் அடிக்கக் கூடாது. பிரஷ் போகும் வழியெல்லாம் கலரை இழுத்துக்கொண்டு போய், ஒரு இடம் வெளுத்தும் ஒரு இடம் கருத்தும் திட்டுத் திட்டாகிவிடும். இடையில் ஒரு அரக்குக் கோட் வேண்டும். டர்பன்டைனில் ஏறினால் அது எண்ணெய் ஸ்டெயின், இன்னும் முழுதாகக் காயவில்லை, பொறுக்க வேண்டும். ஸ்பிரிட்டில் ஏறினால் அதன்மேல் அரக்கைப் பிரஷ்ஷால் போடுவது வீண் வேலை, அரக்கே ஸ்பிரிட்டில்தான் கரைந்திருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சு சுத்தமாக வந்திருந்தால் நேரே தண்ணீர் பி.யு.வுக்குப் போகலாம். தின்னரில் மட்டும் ஏறினால் என்.சி. சீலரையும் மெலமைனையும் பிரஷ்ஷால் தொடக்கூடாது, தண்ணீர் பி.யு.வுக்குத் தடை இல்லை. மொத்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: மேல் பூச்சின் கரைப்பான் கீழே இருக்கும் கலரையும் கரைக்கக் கூடாது.

காய்ந்துவிட்டதா என்பதற்கு நாள் கணக்கை நம்ப வேண்டாம். எண்ணெய் ஸ்டெயின் டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஈரக் காற்றில், அதுவும் மேலே தண்ணீர்ப் பூச்சு வரப்போகிறது என்றால், மூன்று நாள் விடுங்கள். பிறகு வெள்ளை பனியன் துணியால் ஒரு பலகையை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் வரக் கூடாது, மூக்கை அருகே கொண்டுபோனால் எண்ணெய் வாடை அடிக்கக் கூடாது. சில இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தால், ஸ்டெயின் அடித்தபின் மிச்சத்தைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். மரத்துக்குள் போகாமல் மேலேயே தோலாக நிற்கும் ஸ்டெயின் சரியாக இறுகாது. அதன்மேல் எதைப் பூசினாலும் அந்தத் தோலோடு சேர்ந்து உரியும். டர்பன்டைன் தொட்டுப் பிழிந்த துணியால் மர ரேகை போகும் திசையில் துடைத்து எடுத்துவிட்டு, மறுபடி இரண்டு நாள் காத்திருங்கள்.

அரக்குக் கோட் தேவை என்றால், மெழுகு நீக்கிய அரக்குத்தான் போட வேண்டும். சாதாரண அரக்கில் இயற்கையாகவே மெழுகு உண்டு, அதன்மேல் பி.யு. பிடிக்காது. மெழுகு நீக்கியது கடையில் கிடைக்காவிட்டால், லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் சில்லு போட்டு, கண்ணாடி ஜாரில் மூடி, கரைந்தபின் ஆடாமல் சில நாள் வையுங்கள். மெழுகு அடியில் கலங்கலாகப் படியும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஊற்றி எடுத்து ஒரே ஒரு கோட், போன இடத்துக்குத் திரும்பாமல் போடுங்கள். பைன் பலகையில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கணுக்களில் பிசின் உண்டு, அக்னி நட்சத்திரத்தில் தளம் கொதிக்கும்போது அது இளகிப் பூச்சை முட்டிக்கொண்டு வெளியே வரும். கணுக்களுக்கு மட்டும் இரண்டு தடவை அரக்குத் தொட்டு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அரக்கைக் கடைசிப் பூச்சாக விடாதீர்கள். ஈரக் காற்றில் அது வெளுக்கும்.

மற்றவை ஏன் வேண்டாம்? மெலமைன், மேஜைக்கும் கதவுக்கும் நல்ல பூச்சுதான். அமிலம் கலந்து இறுக வைப்பது, இறுகும்போது ஃபார்மால்டிஹைடு விடும். கண் எரியும், மூடிய அறையில் அந்த நெடி வாரக்கணக்கில் நிற்கும். போதாததற்கு அது விறைப்பான பூச்சு. அசையும் பலகைகளின் சந்தில்தான் முதலில் வெடிக்கும். இரண்டு டப்பா பி.யு. அதைவிட உறுதி, ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அந்த மூட்டம் மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆட்கள் குடியிருக்கும் வீட்டின் ஹாலில், தலைக்கு மேலே அடிக்க வேண்டிய பொருள் அல்ல. மரத்தில் ஈரம் இருந்தால் அந்த ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவை விட்டுப் பூச்சு முழுக்கக் குமிழ் குமிழாகவும் ஆகும். ஆளி விதை எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் காய மாட்டாமல் கிடந்து பூஞ்சைக்குத் தீனியாகும்.

எண்ணெய் வார்னிஷ், அதாவது டச்வுட் மாதிரி டர்பன்டைனில் கலக்கும் ஒற்றை டப்பா வகை, மோசமில்லை. வால்நட் நிறத்துக்கு அதன் இளமஞ்சள் சாயல் பொருந்தவே செய்யும். எண்ணெய் ஸ்டெயின் நன்றாகக் காய்ந்திருந்தால் அரக்கில்லாமல் நேராகப் போடலாம், வேகமாகக் காயாததால் பிரஷ் கோடு தானாகவே சமமாகும். ஆனால் அப்படி மெதுவாகக் காய்வதுதான் இங்கே வில்லன். பல மணி நேரம் ஒட்டும் தன்மையோடு மேலே இருக்கும் பரப்பில், எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் ஒவ்வொரு கன்டெய்னர் லாரியின் புழுதியும் வந்து உட்காரும். வெள்ளை, சாம்பல் ஸ்டெயின் என்றால் இந்த வகையைத் தொடவே வேண்டாம், ஒரு வருஷத்தில் மஞ்சளடித்துவிடும்.

பளபளப்பு பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ் ஃபினிஷ் கேட்டு நிற்பவர்கள் நம்மிடம் அதிகம். சீலிங்கில் கிளாஸ் போட்டால் ஜன்னல் வெளிச்சமும் எல்.இ.டி. பட்டியின் வெளிச்சமும் சாய்வாக விழுந்து, ரோலர் நின்ற இடம், பிரஷ் திரும்பிய இடம், பலகையின் சின்ன மேடு பள்ளம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டும். ஆசை இருந்தால் பூஜை அறைக்கு மட்டும் லேசாக மினுங்கும் சாட்டின் போடுங்கள், விளக்குப் புகையைத் துடைக்க எளிது. ஹாலுக்கு மேட்.

எப்போது அடிப்பது என்பதில் பாலிஷ்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஓயாத சண்டை. என்.சி. லாக்கர் அடித்து வெள்ளையாக மூட்டம் போட்டுவிட்டால், சரக்கு போலி என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் சரக்கில் குறை இருக்காது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமுமாக இருந்தால், பனி கட்டும் வெப்பநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 27 டிகிரி. பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுவே 33 டிகிரி, 60 சதவீதம் என்றால் பனி கட்டுவது 24 டிகிரியில். ஒன்பது டிகிரி இடைவெளி இருக்கிறது, ஆபத்தில்லை. தண்ணீர்ப் பூச்சு இப்படி வெளுக்காது, ஆனால் 85 சதவீத ஈரத்தில் அதிலிருக்கும் தண்ணீர் வெளியேற முடியாமல் பூச்சு மென்மையாகவே கிடக்கும், வழியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஈரப்பதக் கடிகாரத்தை அறையில் மாட்டுங்கள். 75-க்குக் கீழே இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 85-க்கு மேல் டப்பாவைத் திறக்கக்கூட வேண்டாம்.

கோடையில் காலை வெயில் ஏறியபின், கடல்காற்று திரும்புவதற்கு முன் கிடைக்கும் மூன்று நாலு மணி நேரம்தான் கடலோர வடசென்னையில் நல்ல நேரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல்காற்று வந்ததும் ஈரம் ஏறும், கூடவே உப்பும் வரும். கிழக்கு ஜன்னலைச் சாத்தி, மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதற்கு முன் முடிக்க முடியாவிட்டால், சீலர் ஒரு கோட் மட்டும் போட்டு மரத்தை மூடிவிட்டு, மிச்சத்தைத் தை பிறந்தபின் வைத்துக்கொள்ளலாம். சீலரோடு மூன்று மாதம் இருந்தால் ஒன்றும் ஆகாது, மறுபடி லேசாக உப்புத்தாள் போட்டுத் தொடர வேண்டும், அவ்வளவுதான். போகிக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் அடிக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கரி எல்லாம் உங்கள் ஈரப் பூச்சில்தான் இறங்கும்.

அளவு. 14 பெருக்கல் 10, 140 சதுர அடி. காடிகளுக்காக 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 160. தண்ணீர் பி.யு. லிட்டருக்கு ஒரு கோட் ஏறக்குறைய 100 சதுர அடி போகும். அப்படியென்றால் கோட்டுக்கு 1.6 லிட்டர். சீலர் 2 லிட்டர், டாப் கோட் 4 லிட்டர் வாங்கினால் டச்சப்புக்குக் கொஞ்சம் மிஞ்சும். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். டாப் கோட் இரண்டு டப்பாவாக வந்தால், இரண்டையும் ஒரு பக்கெட்டில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா மினுமினுப்பில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் சீலிங்கின் நடுவில் கோடாகத் தெரியும். இதோடு 4 அங்குல மைக்ரோஃபைபர் ரோலர் இரண்டு, 2 அங்குல நைலான் பிரஷ் இரண்டு, 320 நம்பர் உப்புத்தாள் பத்துத் தாள். பன்றிமுடி பிரஷ் தண்ணீரில் ஊறிப் பருத்து விரியும், அது எண்ணெய் வார்னிஷுக்குத்தான் சரி. ஸ்பாஞ்சு ரோலர் நுரை கட்டும். முகமூடி, கண்ணாடி, தலைக்கு ஒரு பழைய துண்டு. ஏணி, பலகை தவிர மற்ற எல்லாம் மண்ணடி, பிராட்வே கடைகளில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

நிற்கும் இடம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அடிக்க முயன்றால் சொட்டுவது மட்டுமல்ல, விழுவதும் நடக்கும். இரண்டு குதிரைக்கு (பலகை தாங்கும் கால்களுக்கு) நடுவே 10 அடி நீளச் சாரப் பலகை போட்டு, உச்சந்தலைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்படி உயரம் வையுங்கள். கை நெற்றிக்கு முன்னால் வேலை செய்ய வேண்டும், நேராகத் தலைக்கு மேலே அல்ல. அப்போது சொட்டினாலும் கண்ணில் விழாது, கழுத்தும் தாங்கும். ஃபேனைக் கழற்றி இறக்கிவிடுங்கள். லைட் ஃபிட்டிங்குகளை இறக்கி, ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி, அந்த அறையின் எம்.சி.பி. சுவிட்சை வேலை முடியும்வரை அணைத்தே வையுங்கள். வெளிச்சத்துக்கு வராண்டாவிலிருந்து ஒரு எல்.இ.டி. விளக்கை இழுத்து, சுவரோரமாகச் சீலிங்கை ஒட்டிச் சாய்வாக வையுங்கள். விட்டுப்போன இடமும் வழிசலும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

பூசும் முன் ஆணித் தலைகளைப் பாருங்கள். சாதா இரும்பு ஆணி என்றால் உப்புக் காற்றில் துரு இறங்கி, பூச்சுக்கு அடியில் கறையாகப் படரும். தெரியும் ஆணிகளைச் சற்று உள்ளே இறக்கி, ஸ்டெயின் நிறத்தில் கலந்த மரப்பட்டி வைத்து மூடுங்கள். முடிந்தால் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்குரூவாக மாற்றிவிடுவது உத்தமம். ஸ்டெயின் அடித்த மரத்தின் மேல் நேரடியாக உப்புத்தாள் போடாதீர்கள், ஓரங்களில் கலர் போய் வெள்ளை தெரியும். பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை துடைத்தால் புழுதியும் உப்பும் போதுமான அளவு வந்துவிடும். தண்ணீரில் கலர் வரும் வகை என்றால் உலர்ந்த துணியும் பிரஷ்ஷும் மட்டும், ஈரத் துணி அரக்குக்குப் பிறகு. தரைக்கு நீர் தெளித்துவிட்டு அரை மணி கழித்துத் தொடங்கினால் காலடித் தூசி மேலே எழும்பாது.

டப்பாவைக் குலுக்க வேண்டாம், நுரை ஏறும். மேட் ஃபினிஷுக்குக் காரணமான தூள் அடியில் படிந்திருக்கும், தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டி இரண்டு நிமிஷம் கலக்குங்கள். இடையிடையேயும் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடங்கிய பக்கம் பளபளப்பாகவும் முடிந்த பக்கம் மங்கலாகவும் நிற்கும். வடிகட்டி, டிரேயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் தேவை. ஒருவர் பிரஷ்ஷால் காடியை நனைத்துக்கொண்டே முன்னால் போக, மற்றவர் ரோலரால் பலகை முகத்தை மூடிக்கொண்டே பின்னால் வர வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு பலகை, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை முழு நீளம், நடுவில் நிற்காமல். ஈர ஓரம் காய்ந்தபின் அதன்மேல் அடுத்த பூச்சு ஏறினால் விழும் பட்டைக் கோடு, இப்படிச் செய்தால் காடியோடு ஒளிந்துகொள்ளும். ஜன்னல் பக்கம் தொடங்கி உள்ளே போங்கள். ரோலரை டிரேயின் மேட்டில் உருட்டி, பிழிந்த மாதிரி ஆனபின்தான் மேலே கொண்டுபோங்கள். பிரஷ் என்றால் மயிரின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையட்டும். கடைசியாக, எதுவும் தொடாத பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் பலகை நீளத்துக்கு மென்மையாக வருடிவிட்டால் ரோலர் புள்ளி மறையும். மூன்று நாலு நிமிஷம் தாண்டிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். விட்டுப்போனது தெரிந்தால் அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். பாதி காய்ந்ததைக் கிளறினால் சொரசொரப்பாகும்.

சீலிங்கில் வழிசல் சுவரில் மாதிரி கீழே ஓடாது. காடியின் சரிந்த ஓரத்தில் சேர்ந்து, பத்து நிமிஷத்தில் மணி மணியாகத் தொங்கும். ஒவ்வொரு ஆறு பலகைக்கும் ஒருமுறை நின்று, அடித்த பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மணி இளகலாக இருந்தால் உலர்ந்த பிரஷ் நுனியால் தொட்டு எடுத்துவிடலாம். தோல் கட்டிவிட்டால் தொடாமல் விடுங்கள். மறுநாள் புது பிளேடால் கிடைமட்டமாகச் சீவி, 320-ஆல் தடவினால் அடையாளம் தெரியாது.

சீலர் ஒரு இரவு காயட்டும். மறுநாள் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். தண்ணீர் பட்டு மர நார் எழுந்து நிற்கிறது, பயப்பட வேண்டாம். 320 உப்புத்தாளை ஸ்பாஞ்சுக் கட்டையில் சுற்றி, ரேகைத் திசையில், கையின் எடை மட்டும் விழும்படி தேயுங்கள். காய்ந்ததா என்பதை அந்தத் தூளே சொல்லும்: மாவாக வெள்ளையாக உதிர்ந்தால் சரி, தாளில் பிசினாக உருண்டு ஒட்டினால் இன்னும் நாலு மணி நேரம் பொறுங்கள். பலகை ஓரங்களில் கையை எடுத்துவிடுங்கள், அங்கேதான் கலர் வரை அறுக்கும். ஸ்டீல் உல் பயன்படுத்தினால் அதன் துணுக்குகள் பூச்சில் மாட்டித் தண்ணீர் பட்டதும் துருப் புள்ளியாகிவிடும். தூளைப் பிழிந்த துணியால் துடைத்து, முதல் டாப் கோட். டப்பாவில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இங்கே நாலு மணி நேரமாவது விட்டு, லேசாக ஒரு தேய்ப்பு, பிறகு இரண்டாவது. அதற்கு மேல் வேண்டாம்.

பூசியதும் ஒரு இடத்தில் வட்ட வட்டமாக விலகிக் குழி விழுந்தால், அங்கே சிலிகோனோ எண்ணெயோ பட்டிருக்கிறது. சமையலறைப் பக்கம் இருக்கிற பலகைகளில் இது சகஜம். மேலே மேலே பூசி மூட முடியாது. காயவிட்டு, அந்தப் பகுதியைத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அரக்கு ஒரு கோட் கொடுத்தபின் தொடருங்கள். ஸ்பிரிட்டில் கலர் ஏறிய ஸ்டெயின் என்றால் தேய்ப்பதையும் துடைப்பதையும் மிக லேசாகச் செய்ய வேண்டும். தகடு தகடாக உரிந்தால் ஸ்டெயின் காயவில்லை என்று பொருள், அங்கே குறுக்கு வழி கிடையாது, உரித்துத்தான் ஆக வேண்டும்.

சௌகார்பேட்டை, மண்ணடி, ராயபுரம் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் (மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய தளம்) தேக்குக் கட்டைகளுக்கு இதே வேலையைச் செய்பவர்களுக்குச் சில மாற்றங்கள் உண்டு. தேக்கில் இயற்கை எண்ணெய் இருக்கிறது, எண்ணெய் வார்னிஷ் அதன்மேல் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, அரக்குக் கோட் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரும்பு ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை இருந்தால் அது தேக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தது. லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 60 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்து தடவினால் வெளுக்கும். அது விஷம், அண்ணாந்து தடவுவதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிறகு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். கட்டை கருப்பாக இருப்பதால் மரமே கருத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிற்கும்வரை அந்தத் தெருக்களில் படிந்த கரித்தூள் பழைய வார்னிஷுக்குள் புதைந்து கிடக்கும். டர்பன்டைன் துணியால் ஒரு அடி துடைத்துப் பார்த்தால் அடியில் தேன் நிறம் தெரிய வாய்ப்புண்டு. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிய கட்டை என்றால் விஷயம் வேறு. அது உள்ளே ஊறிக் கருத்தது, வெளுக்காது. அதைத் தேய்க்கும் தூள் தோலில் பட்டால் கொப்புளம் வரும். அப்படியே விட்டு, சுத்தம் செய்து, மேட் ஒரு கோட் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய எனாமல் பெயின்ட் இருந்தாலும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம்; வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

வேலை முடிந்த நாள் ராத்திரி மறக்கக் கூடாதது ஒன்று: எண்ணெய் ஸ்டெயினும் எண்ணெய் வார்னிஷும் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானாகவே தீப்பிடிக்கும். மாடிக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் அமுக்கி வையுங்கள். தண்ணீர் பி.யு. துணிக்கு இந்தப் பயம் இல்லை.

ஃபேனை மறுநாள் மாட்டலாம், முதல் இரண்டு நாள் மெதுவாகச் சுற்றட்டும். பூச்சு முழுதாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை சாம்பிராணிப் புகையை இந்த ஹாலுக்குள் கொண்டுவராதீர்கள், துடைக்கவும் வேண்டாம். அதன் பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் போதும். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், சிலிகோன் கலந்த மர பாலிஷ் எதுவும் வேண்டாம். அடுத்த முறை கோட் போட வரும் ஆள் குழி விழும் சீலிங்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். மிஞ்சிய டாப் கோட்டைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, தேதி எழுதி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.